வீட்டுத் தோட்டத்தில் பேபி கார்ன்

(நமது அறக்கட்டளையின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்புச் சகோதரிகளே! ஒரு முஸ்லிம் மரம் நட்டு, அல்லது பயிர் செய்து, அதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ் இது. கொல்லையிலும் மொட்டை மாடியிலும் இதை நாம் செயலில் காட்ட ஏற்ற ஒரு பயிரைப் பற்றிப் பேசுகிறேன்.

பேபி கார்ன் தனிப் பயிர் அல்ல. நாம் அறிந்த மக்காச்சோளம்தான். மணி பிடிக்கும் முன் பிஞ்சிலேயே பறிக்கிறோம், அவ்வளவுதான். ஒரு செடியில் பல கதிர் விடும் ரகம் நல்லது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ பி.சி. 1 இதற்கென்றே வந்த ரகம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கும் விதை சிவப்பாகவோ பச்சையாகவோ இருந்தால், அது மருந்து கலந்த விதை. குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. மிஞ்சியதைச் சமைக்கவோ கோழிக்குப் போடவோ கூடாது. விதைத்த பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நல்ல வெயில் படும் இடமாகப் பாருங்கள். மண்ணோடு மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் கலந்து, ஓர் அங்குல ஆழத்தில், ஓரடிக்கு ஒரு விதை ஊன்றுங்கள். மாடியில் பெரிய வளர்பையில் இரண்டு செடி போதும். ஈரம் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. ஒளு செய்த தண்ணீரையும் அரிசி கழைந்த தண்ணீரையும் ஊற்றலாம், விரயமும் தவிரும். 25ஆம் நாள் வாக்கில் மீண்டும் உரமிட்டு, செடி காற்றில் சாயாதபடி அடியில் மண் அணையுங்கள்.

2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட படைப்புழுதான் இன்று மக்காச்சோளத்தின் பெரிய எதிரி. இலையில் ஓட்டைகளும் குருத்துக்குள் மரத்தூள் போன்ற எச்சமும் தெரிந்தால் புழு இருக்கிறது என்று பொருள். காலையில் குருத்தைப் பிரித்துப் பார்த்துப் புழுவை எடுத்து நசுக்குங்கள். இலையில் ஒட்டியிருக்கும் முட்டைக் குவியலையும் அழியுங்கள். பத்து இருபது செடிக்கு மருந்தடிக்கத் தேவையில்லை. நாள்தோறும் பறித்து உண்ணும் காயில் விஷம் படவே கூடாது.

இனி முக்கியமான விஷயம். ஏறத்தாழ 45 முதல் 50 நாளில் செடியின் உச்சியில் ஆண் பூ எட்டிப் பார்க்கும். அது விரியும் முன் உருவி எடுத்துவிடுங்கள். மகரந்தம் விழுந்தால் கதிரில் மணி பிடித்துவிடும். அடுத்துக் கணுக்களில் கதிர் வந்து, நுனியில் பட்டு நூல் போன்ற இழை வெளிவரும். இழை வந்த இரண்டு மூன்று நாளுக்குள் பறித்துவிட வேண்டும். பிந்தினால் தண்டு நாராகி, கறிக்கு உதவாது. மேல் கதிர் முதலில் தயாராகும். கீழே உள்ளவை பின்னால் வரும். ஆகவே ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின், வெளிச்சம் வந்ததும் தினமும் ஒரு சுற்றுப் பார்ப்பது நல்ல பழக்கம். பறித்ததைத் தோலோடு வைத்து, சமைக்கும்போது உரியுங்கள்.

ஒரு செடியில் இரண்டு மூன்று கதிர்தான் கிடைக்கும். பத்துச் செடி போட்டால் காய்கறிச் செலவே குறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பத்து நாளுக்கு ஒருமுறை சில விதை ஊன்றி வந்தால் தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். உருவிய பூ, உரித்த தோல், அறுத்த தட்டை மூன்றும் ஆட்டுக்கு நல்ல தீவனம். குர்பானிக்கு ஆடு வளர்ப்பவர்களுக்கு இதுவே பெரிய உதவி.

குழம்பில் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி முஸ்லிமில் உள்ளது. கிடைப்பது பத்துக் கதிரே ஆனாலும் குருமாவில் போட்டு, பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்புங்கள். தனியாக இருக்கும் முதியவர் வீடாக இருந்தால் இன்னும் நல்லது.

நம் உழைப்பிலும் உணவிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.