புது வண்டியும் புதுக் குடும்பமும்



புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் அதை ஆலயத்துக்குக் கொண்டுவந்து மந்திரித்த பிறகே ஓட்டுகிறோம். நல்ல வழக்கம். ஆனால் கடையில் சொல்லியனுப்பியதை மறந்துவிடுகிறோம்: முதல் 500, 1000 கிலோமீட்டர் வரை வண்டியை முறுக்கக் கூடாது.

ஏன்? புது எஞ்சினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் இன்னும் ஒன்றோடொன்று பழகவில்லை. உரசி உரசித்தான் அவை பொருந்துகின்றன. எடுத்தவுடன் முழு வேகம் கொடுத்தால் சூடேறிக் காயப்படும். அதற்காக ஒரே மெதுவான வேகத்தில் ஓட்டினாலும் ரிங் சரியாகப் படியாது; பிறகு ஆயில் எரிந்து நீலப்புகை வரும். ஏற்றியும் இறக்கியும் ஓட்ட வேண்டும். உரசலில் உதிரும் உலோகத்தூள் ஆயிலில் சேரும். முதல் சர்வீஸில் அந்த ஆயிலை மாற்றிவிடுவார்கள்.

மணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, "சாமி, இது ஒத்துவராது" என்று பங்கு இல்லத்தில் வந்து நிற்கிறோம். உரசல் வந்தாலே ஒத்துவராது என்று ஆகிவிடுமா? வேறு வேறு வீட்டில் வளர்ந்த இருவர் பொருந்துகிற ஓசை அது. சண்டைக்குப் பயந்து பேசாமலே இருப்பதும் பொருத்தம் ஆகாது. பேசுவோம். உதிர்ந்த கசப்பைத் தேக்கிவைக்காமல் மன்னித்து வெளியேற்றுவோம். அடியும் அவமதிப்பும் உரசல் அல்ல. அங்கே காத்திருக்க வேண்டாம், உடனே துணை தேடுவோம்.

மற்றபடி, பெற்றோராகிய நாம் பின்னாலிருந்து முறுக்காதிருப்போம். நம் ஆண்டவரும் நாசரேத்து வீட்டில் பல ஆண்டுகள் பொறுமையாக வளர்ந்தவரே. அவர் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.