இரண்டு குமிழ்கள், ஒரே கம்பி



மின் கிற்றாரின் முகத்தில் பதிந்திருக்கும் குமிழ்களைப் பற்றி ஒரு முழுப் பேச்சு வேண்டுமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். வேண்டும் என்பதே என் கருத்து. இந்த வாத்தியம் இலங்கைத் தமிழருக்குப் புதியதன்று. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய பொப்பிசைப் பாடல்கள் 1970களில் ஊரூராகப் பரவின. கல்யாண வீட்டிலும் திருவிழா இரவிலும் மேடையேறும் குழுக்களில் மின் கிற்றார் இன்று ஓர் அங்கமாகவே இருக்கிறது. ஆயின், அதை மீட்டப் பழகியவர் பலர். அதன் வயிற்றுக்குள் நடப்பதை அறிந்தவர் சிலர். அறியாதவர் சில வேளைகளில் அதற்குக் காசு கொடுக்க நேர்கிறது.

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியில், களப்பை அணைத்துக் கிடக்கும் ஊர் சாம்பல்தீவு. அங்குள்ள இசைக்குழு ஒன்றில் வாசிக்கும் இளைஞர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து தமையனார் அனுப்பிய பழைய கிற்றார் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். இரண்டு பிக்கப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலியளவுக் குமிழ், எதை ஒலிக்க விடுவது என்று தெரிந்தெடுக்க மூன்று நிலைகளையுடைய ஆளி ஒன்று. ஆளியை நடுவில் வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். ஒலித்தன. ஆனால் ஒன்றை மட்டும் அடக்குவோம் என்று அதன் குமிழை முற்றாக இறக்கியதும் மற்றதும் சேர்ந்து ஊமையாகிவிட்டது! பழுது பார்ப்பவர் ஒருவர் அதைத் திருகிப் பார்த்துவிட்டு, “இரண்டு பிக்கப்பும் எரிந்துவிட்டன, மாற்ற வேண்டும்” என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார். அது அந்தப் பிள்ளையின் பல மாதச் சம்பாத்தியம். திருவிழாவோ அடுத்த கிழமை.

அந்தக் கிற்றாரில் யாதொரு பழுதும் இல்லை. அது அவ்வாறே அமைக்கப்பட்டது.

பிக்கப் என்பது காந்தத்தின்மேல் மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய ஒரு சுருள். அதன்மேல் உருக்குத் தந்தி அதிரும்போது சுருளிலே மின் பிறக்கிறது. மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்த தத்துவமே இது. தந்தியின் கழுத்துப் பக்கத்தில் வைத்த பிக்கப் உருண்டு திரண்ட நாதத்தைத் தரும். வீணையில் நாம் குதிரை என்று சொல்லும் உறுப்பின் அருகே வைத்தது கூரிய நாதத்தைத் தரும். இரண்டையும் வேண்டிய அளவிற் கலந்துகொள்ளலாம் என்றுதான், கிப்சன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட லெஸ் போல் கிற்றாரில் ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஓர் ஒலியளவுக் குமிழ் வைத்தது. இளைஞரின் கிற்றாரும் அந்த வழியில் வந்ததே.

இனிக் குமிழுக்கு வருவோம். அதன் கீழே இருப்பது ஒரு மாறுந்தடை. கரிப் பூச்சாலான ஒரு பாதை. அதன் இரு முனைகளுக்கும் இடையே பெரும்பாலும் 5 இலட்சம் ஓம் தடை. ஒரு முனையிற் பிக்கப்பின் கம்பி. மறு முனை மண்ணோடு சேர்ந்தது, அதாவது நாம் எர்த் என்று சொல்லும் இணைப்பு. இடையே வழுக்கிச் செல்லும் ஒரு நாக்கு. பெருக்கிக்குப் போகும் கம்பி அந்த நாக்கிலிருந்துதான் புறப்படுகிறது. குமிழைக் குறைப்பது கதவைச் சாத்துவது போன்றதென்று நாம் நினைக்கிறோம். அப்படியன்று. குறைக்கக் குறைய நாக்கு மண் முனையை நோக்கி நகர்கிறது. பூச்சியத்தில் அதைத் தொட்டே விடுகிறது. ஆளி நடுவில் நிற்கும்போதோ இரண்டு நாக்குகளும் ஒரே கம்பியிற் சேர்ந்திருக்கின்றன. ஒரு நாக்கு மண்ணைத் தொட்டால் பொதுக் கம்பி முழுவதும் மண்ணைத் தொட்டதாகும்.

இரண்டு தோட்டக்காரர் தத்தம் கிணற்று நீரை ஒரே வாய்க்காலில் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர், தம் நீர் போதும் என்று நினைத்து, இயந்திரத்தை நிறுத்தாமல் பொது வாய்க்காலின் கரையை வெட்டிக் களப்புக்குள் விட்டுவிடுகிறார். அவருடைய நீர் மட்டுமா போகும்? அடுத்தவருடையதும் அல்லவா போகும்! இதை இளைஞருக்குச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார், எனக்கும் நிம்மதியாயிருந்தது.

பூச்சியத்தில் நடப்பது இது. அதற்கு முன் நடப்பது இன்னும் சுவையானது. இரண்டு குமிழ்களும் உச்சத்தில் நிற்கையில் இரு பிக்கப்புகளும் நேரடியாகக் கைகோத்து நிற்கின்றன, பங்கு சரிபாதி. ஒன்றைச் சற்றே இறக்குங்கள். அந்தப் பிக்கப்புக்கும் பொதுக் கம்பிக்கும் இடையே ஓர் இலட்சம் ஓம் அளவு வந்து நின்றுவிடுகிறது. மற்றப் பிக்கப்பின் சுருளிலோ ஏறத்தாழ 8,000 ஓம் மாத்திரமே. ஆகவே கீழ்ச் சுரங்களில், இறக்கிய பிக்கப்பின் பங்கு பாதியிலிருந்து பத்தில் ஒன்றுக்கும் கீழே விழுந்துவிடுகிறது. கலவை மாறுவதெல்லாம் குமிழின் முதற் சிறு அசைவிலேயே முடிந்துபோகிறது என்பது இதனாற்றான். மேலும் இறக்கினால் வேறொன்று நிகழும். சுருளானது மேல் அதிர்வுகளுக்குத் தன் தடையைப் பல பத்தாயிரம் ஓம் வரை உயர்த்திக்கொள்ளும் இயல்புடையது. மண்ணுக்குப் போகும் வழி எளிதாக ஆக, அந்த மேல் அதிர்வுகளே முதலில் தொலைகின்றன. மற்றப் பிக்கப்பின் நாதம் கம்பளி போர்த்தியதுபோல் மங்குகிறது. மண்ணுக்குள்ள தடை 8,000 ஓம் அளவுக்கு வரும்போது அதன் மின்னழுத்தம் பாதியாகும். பிறகு மௌனம்.

எனவே கலவையை நிதானமாக ஆள விரும்புவோர் இரண்டு குமிழ்களையும் உச்சத்தில் வைக்காமல், பத்தில் ஏழு என்ற அளவுக்கு இறக்கி, அங்கிருந்து ஒன்றை ஏற்றியும் மற்றதை இறக்கியும் பார்க்கட்டும். இரு பக்கமும் பெருந்தடை நிற்பதால் பங்கு மெல்ல மெல்ல மாறும். இழந்த ஒலியைப் பெருக்கியிற் கூட்டிக்கொள்ளலாம். காசு செலவில்லாத வைத்தியம் இதுதான்; என் விருப்பமும் இதுவே.

வேறொரு வழியும் உண்டு. ஒவ்வொரு மாறுந்தடையிலும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைப்பது: பிக்கப்பின் கம்பி நாக்குக்கு, புறப்படும் கம்பி ஓரத்து முனைக்கு. அப்போது குமிழைப் பூச்சியத்துக்கு இறக்கினால் அந்தச் சுருள் மட்டும் மண்ணோடு சேரும்; பொதுக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 5 இலட்சம் ஓம் முழுதும் நிற்கும்; மற்றப் பிக்கப் தன் பாட்டுக்கு ஒலிக்கும். பெண்டர் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸ் என்னும் மந்தர வாத்தியத்தில் இம்முறையே கையாளப்பட்டது. ஆனால் இதிலும் இழப்பு உண்டு. குமிழைச் சற்றுக் குறைத்தாலே அந்தப் பிக்கப்பின் கூர்மை மழுங்கும். இரண்டையும் பூச்சியத்தில் வைத்தாலும் கம்பி மண்ணைத் தொடாமையால் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும். மந்தரத்துக்கு மழுக்கம் பொறுக்கும். மெல்லிய தந்திகளுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

வானொலி நிலையத்தில் பல ஒலிவாங்கிகள் ஒரே மேசையிற் கலக்கின்றனவே, அங்கே ஒன்றைத் தணித்தால் மற்றவை ஏன் ஊமையாவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். அங்கே ஒவ்வொரு வழிக்கும் தனித் தடையும் பெருக்கியும் காவல் நிற்கின்றன. கிற்றாரின் வயிற்றில் அந்தக் காவலர் இல்லை.

கடலோரத்தாருக்கு ஒரு வார்த்தை. சாம்பல்தீவு போன்ற ஊர்களில் உப்புக் காற்று மாறுந்தடைக்குள் புகுந்து களிம்பேற்றும். குமிழைத் திருப்பும்போது எழும் கரகரப்பு அதனால் வருவது. மேலே சொன்ன மௌனத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. மின் தொடுகைகளைத் துப்புரவாக்கும் திரவத்தைச் சிறிது தெளித்து, குமிழைப் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் தீரும். பிக்கப் எரிந்ததென்று யாரேனும் சொன்னால், முதலில் ஆளியை ஒரு பக்கம் தள்ளி, அந்தப் பக்கத்துக் குமிழை உச்சத்தில் வைத்துத் தந்தியை மீட்டிப் பாருங்கள், பிறகு மறுபக்கம். ஆளி ஒரு பக்கத்தில் இருக்கும்போது மற்றக் குமிழ் எங்கே நின்றாலும் குற்றமில்லை. தனித்தனியே இரண்டும் பேசினால் இரண்டும் உயிரோடிருக்கின்றன. ஐயம் தீராவிடின், பெருக்கியிலிருந்து கழற்றிய கிற்றாரின் கம்பி முனையிற் பல்மானியை வைத்துப் பாருங்கள். ஆறாயிரம், எட்டாயிரம் ஓம் என்று அது காட்டுமாயின் சுருள் அறுந்திருக்கவில்லை.