எல்லாமே 'கடுமையான' தானா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆங்கில ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில், 'எனக்குப் பிடித்த ஆசிரியர்' என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஒரு மாணவி என்னைப் பற்றி எழுதியிருந்தாள். முதல் வரியே 'மை டீச்சர் இஸ் வெரி ஹார்ஷ்'. அவளை எழுப்பி நிறுத்தி, "நான் அப்படியா?" என்று எல்லோர் முன்னும் உரக்கக் கேட்டுவிட்டேன். அழுதுகொண்டே சொன்னாள்: "கண்டிப்பானவங்கன்னுதான் டீச்சர் எழுதினேன்." அவளுடைய நோட்டைப் புரட்டினேன். ஹார்ஷ், சிவியர், ஸ்ட்ரிக்ட் மூன்றுக்கும் நேரே 'கடுமையான' என்று ஒரே பொருள். கரும்பலகையில் அப்படி எழுதிப்போட்டது நான்தான்.

ஹார்ஷ், உறுத்துகிற சொல். தொட்டால் சொரசொரப்பு என்பது அதன் பழைய பொருள்களில் ஒன்று. காதுக்கு ஒவ்வாத கரகரத்த குரல், கண் கூசும் வெளிச்சம், தோலைப் பதம்பார்க்கும் சோப்பு, மனத்தைக் கீறும் பேச்சு எல்லாவற்றுக்கும் அது வரும். தண்டனையோடு சேர்ந்தால், 'இது இரக்கமற்றது' என்ற குறைகூறலும் உடன் வரும்.

சிவியர் பெரும்பாலும் அளவைச் சொல்வது. வலி, காயம், வறட்சி ஆகியவற்றோடு சேரும். செய்தியில் நாம் கேட்கும் 'தீவிரப் புயல்', வானிலைத் துறையின் ஆங்கிலத்தில் 'சிவியர் சைக்ளோனிக் ஸ்டார்ம்'. அதன் காற்று வேகம் மணிக்கு 89 முதல் 117 கிலோமீட்டர். ஆளைக் குறித்தால், சிரிப்பில்லாத விறைப்பு.

ஸ்ட்ரிக்ட், 'இறுக்கிக் கட்டு' என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. விதிக்கும், விதியை விட்டுக்கொடுக்காத ஆளுக்கும் பொருந்தும். காய்ச்சலுக்குப் பொருந்தாது.

தமிழிலும் கண்டிப்பு, தீவிரம், கடுமை என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அந்த மாணவிக்கு அது தெரிந்திருந்தது. நான்தான் மூன்றையும் ஒன்றாக்கினேன். இப்போது சொல்லைத் தனியாகத் தருவதில்லை. ஹார்ஷ் வாய்ஸ், சிவியர் பெயின், ஸ்ட்ரிக்ட் ரூல் என்று துணையோடு தருகிறேன். பிறகு பெயர்ச்சொல் அட்டைகளைக் கொடுத்து, பொருத்தமான சொல்லோடு சேர்க்கச் சொல்கிறேன். தவறாகச் சேர்த்தால், ஏன் பொருந்தவில்லை என்று வகுப்பே பேசுகிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் எழுத நினைத்த சொல் ஸ்ட்ரிக்ட். ஆனால் அன்று அவளை நான் நடத்திய விதத்துக்கு ஹார்ஷ்தான் சரியான சொல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, அடியை மட்டுமல்ல, மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. மறுநாள் வகுப்பின் முன்னாலேயே அவளிடம் வருத்தம் தெரிவித்தேன்.

கண்டிப்பாக இருப்போம். கடுமை வேண்டாம்.