கற்பை அழிக்க வல்லவன் யார்?

(ஆலங்குளத்தில் ஆற்றிய உரை)



பகலெல்லாம் திரி கட்டியும் மருந்து தொட்டும் கைந்நொந்தபின் தமிழ் கேட்க வந்திருக்கிறீர்கள். உங்களைச் சுடும் ஒரு சொல்லைப் பற்றியே பேசுகிறேன். அச்சொல் 'கற்பழிப்பு'.

செய்தித்தாள்களில் நெடுங்காலம் வழங்கிய இச்சொல், முறையீட்டிலும் மன்றப் பேச்சிலும் இன்றும் தலைகாட்டுகிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 375-ஆம் பிரிவில், பெண்ணின் விருப்பத்திற்கு மாறாகவோ இசைவின்றியோ புணர்வதைக் குற்றமென்றது. கற்பு என்னும் பேச்சே அங்கில்லை. அதைப் புகுத்தியவர் தமிழில் எழுதிய நம்மவரே. வடமொழிமேல் பழிபோட இங்கு வழியில்லை. சொல்லும் தமிழ், பிழையும் நம் பிழை!

கற்பு 'கல்' என்னும் வேரினின்று பிறந்தது. பெரியாரும் இவ்வேரைக் காட்டியே, அதைப் பெண்ணுக்கு மட்டும் விலங்காக்கியதைக் கடிந்தார். கற்றதைப் பிறனொருவன் அழித்தல் கூடுமோ? என் மாணவனின் ஏட்டைக் கிழிக்கலாம். அவன் கற்ற குறளைக் கிழிக்க முடியுமா? 'கற்பழிந்தவள்' என்றதும் குற்றஞ்செய்தவன் மறைந்துபோகிறான். இழிவு அவள் தலையில் ஏறுகிறது.

இது வெறுஞ்சொற்பூசலன்று. மராட்டியத்தில் 1972-இல் காவல்நிலையத்திலேயே கொடுமைக்காளானாள் ஒரு பழங்குடிச் சிறுமி. உடலில் புண்ணில்லை என்பதையும் கரணியமாகக் காட்டி, 1978-இல் உச்ச முறைமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. நாடு கொதித்தது, 1983-இல் சட்டம் திருந்திற்று. ஆயினும், முறையிட்டவள் பொதுவாக ஒழுக்கங்கெட்டவள் என்று காட்டி அவள் சான்றை உடைக்க இடந்தந்த 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 155(4) பிரிவு, 2003-ஆம் ஆண்டின் 4-ஆம் சட்டத்தால்தான் நீங்கியது. நூற்றுமுப்பது ஆண்டுகள்! 2023-இல் உச்ச முறைமன்றம் நடுவர்களுக்கென வெளியிட்ட கையேடு, 'கற்புடைய பெண்' என எழுதாமல் 'பெண்' என்றே எழுதச் சொல்கிறது.

நமக்கு 'வன்புணர்ச்சி' என்னும் சொல் இருக்கிறது. அது செய்தவன் செயலைச் சொல்லும்; பெண்ணை எடைபோடாது.

தாய்மார்களே, 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றநடைமுறைச் சட்டத்தின் பெயர் நம் வாயில் நுழையாத வடமொழிப் பெயர். இருக்கட்டும். அதன் 173-ஆம் பிரிவுப்படி, வாய்மொழியாகச் சொன்ன முறையீட்டை எழுதிப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் பெறவேண்டும். இத்தகைய குற்றமாயின் பெண் காவல் அலுவலரோ வேறு பெண் அலுவலரோ எழுதவேண்டும். படியும் விலையின்றித் தரவேண்டும். நம் ஊரில் எந்தப் பெண்ணுக்கேனும் அந்நிலை நேர்ந்தால் துணைக்குச் செல்லுங்கள். படித்துக் காட்டும்போது 'கற்பழிப்பு' என்று காதில் விழுந்தால், "அம்மா, அதை அடித்துவிட்டு அவன் செய்ததை எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். எழுதிய பிறகு கையொப்பமிடலாம்.