உயிர்வகையும் பிறப்புவகையும்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



சென்ற விடுமுறையில், ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் பெயர்த்தி என்னிடம் ஒரு வினா எழுப்பினாள். "தாத்தா, எறும்பு மூவறிவுயிர், அதற்குக் கண் இல்லை என்றீர்கள். பள்ளியில் லென்சு வைத்துப் பார்த்தோம், கண் இருக்கிறதே!" தொல்காப்பிய மரபியலைப் பல்லாண்டு வகுப்பில் நடத்திய எனக்கு உடனே விடை வரவில்லை. அவ்வினாவே இன்றைய என் உரைக்குப் பொருள்.

மரபியலில் தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவிலும், சிதலையும் எறும்பையும் மூவறிவிலும், நண்டையும் தும்பியையும் நான்கறிவிலும் வைத்தார். ஊறு, சுவை, நாற்றம், ஒளி, ஓசை என்னும் அவ்வரிசையே நம் ஆகமத்தின் இந்திரிய வரிசையும் ஆகும். இவ்வொற்றுமையைக் கொண்டு அவரைச் சமணர் என்பாரும் உளர், மறுப்பாரும் உளர். ஆயின் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. நம் நூல்கள் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றையும் ஓரறிவுயிர்களின் உடலாகக் கொள்கின்றன. மனம் என்பதையும் மக்களுக்கே உரித்தாக்காமல், ஐயறிவு விலங்குகளிலும் மனமுடையன உண்டு என்கின்றன.

பிறப்பைப் பற்றித் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் இயலில் உமாசுவாமி முனிவர் கூறுவது சம்மூர்ச்சனம், கர்ப்பம், உபபாதம் என்னும் மூவகை. கர்ப்பப் பிறப்பிலும் மூன்று உண்டு: கருப்பையில் சூழ்ந்த உறையோடு பிறப்பது ஜராயுஜம், முட்டையில் தோன்றுவது அண்டஜம், உறையின்றிப் பிறந்து உடனே இயங்கவல்லது போதஜம். தேவர்க்கும் நரகர்க்கும் உரியது உபபாதம். எஞ்சியவை பெற்றோர் சேர்க்கையின்றித் தாமே உருக்கொள்ளும் சம்மூர்ச்சனப் பிறப்பின. எறும்பும் இவற்றுள் அடங்கும்.

இங்கேதான் இடர்ப்பாடு. எறும்பு முட்டையிலிருந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பின்னரே எறும்பாகிறது. 1668இல் இத்தாலியில் பிரான்செசுகோ ரெடி, துணியால் மூடிய குடுவையின் இறைச்சியில் புழு தோன்றாமையைக் காட்டினார். புழுக்கள் தாமே தோன்றும் என்று கிரேக்க அரிஸ்டாட்டிலும் நம்பியிருந்தார். கண்ணால் கண்டதைக் கொண்டு வகுத்த அக்காலத்தில் லென்சு இல்லை. இதனை ஒப்புக்கொள்வதால் நம் அறம் குறைபடும் என நான் கருதவில்லை. மழுப்பினால்தான் பிள்ளைகள் நம்மை நம்பமாட்டார்கள்.

எண்பத்து நான்கு இலட்சம் யோனி பேதம் என்பதையும் இன்றைய விலங்கியலின் இனக்கணக்கோடு ஒப்பிட்டு மேடைகளில் பெருமை பேசுகின்றனர். அது பொருந்தாது. அக்கணக்கில் மனிதர்க்கு மட்டும் 14 இலட்சம். விலங்கியலிலோ மனிதர் ஓரினமே.

பின் இப்பகுப்பு எதற்கு? எவ்வுயிரை எந்த அளவுக்குக் காக்க வேண்டும் என்று இல்லறத்தானுக்குக் காட்டுவதற்கு. இயங்கும் திரச உயிர்களை அறிந்து கொல்லலாகாது. நிலைத்திணை உயிர்களில் வேண்டாத அழிவு கூடாது. தாவரத்திலும் ஓருடலில் ஓருயிர் வாழ்வது பிரத்தியேகம், அளவிறந்த உயிர்கள் வாழ்வது சாதாரணம் என்று பிரித்தனர். தேங்காயில் பொதுவாக ஒரு முளையே எழும். உருளைக்கிழங்கிலோ கண்தோறும் முளைக்கும். இஞ்சியின் துண்டும் புதுச்செடி ஆகும். கிழங்கு விலக்கின் காரணத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க இதனினும் எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பெயர்த்தியிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்படியானால் எறும்பை நான்கறிவில் சேர்க்கலாமா?" என்றாள். சேர்த்துக்கொள் என்றேன். மறுநாள் காலை, வாசல் தெளிக்கக் குடத்துடன் வந்தவள், எறும்புச் சாரை கடந்து முடியும் வரை ஓரமாய் நின்றிருந்தாள்.