துரு போகட்டும், தேர் ஓடட்டும்!

(தலைப்பு: பழைய பொருள்கள் வீட்டுக்குச் சுமையா? சொத்தா? – ‘சொத்தே’ அணியில் உதகையில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிர் வரிசையில் ஸ்வெட்டருக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் தோழர்களே! இந்தக் குளிரிலும் குடும்பத்தோடு வந்திருக்கும் நீலகிரிப் பெருமக்களே!

எனக்கு முன்னால் பேசிய ஐயா நன்னூலை எடுத்துக் காட்டினார். பழையது போவதும் புதியது வருவதும் குற்றமில்லையாம்! ஐயா, அந்த நன்னூலே ஏறக்குறைய எண்ணூறு வருஷத்துப் பழைய சரக்கு. அதை யாரோ ஒருத்தர் ஓலை ஓலையாய்ப் படியெடுத்து, கறையானுக்குக் கொடுக்காமல் காப்பாற்றி வைத்ததால்தானே நீங்கள் இன்றைக்கு மேற்கோள் காட்ட முடிந்தது? எங்கள் அணிக்கு வேண்டிய சாட்சியை நீங்களே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறீர்கள்! (கைதட்டல்)

அடுத்து வந்த தம்பி கேட்டார்: ‘ஓடாத காரை ஷெட்டில் வைத்துக்கொண்டு அழுகிறார்களே, அதைக் காயலான் கடையில் போட்டால் இடமாவது மிச்சமாகுமே?’

நடுவர் அவர்களே, தம்பி எங்கள் வீட்டைத்தான் சொல்கிறார். இதே வார்த்தையை நானும் சொன்னவள். யாரிடம்? என்னைப் பெற்ற அப்பாவிடம்.

அப்பா குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் டீ மேக்கர். கொழுந்தை முகர்ந்து பார்த்தே, வாடியது போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். 1974ல் தோட்டத்துப் பெரிய துரை ஊர் மாறிப் போகும்போது, அவருடைய பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை அப்பா வாங்கினார். இரண்டே கதவு. இளநீல வண்ணம். நாலு வயசுப் பெண்ணாகிய நான் அதை ‘நம்ம தேர்’ என்று கூப்பிட்டேனாம்.

இளைஞர்களுக்கு அந்தக் காரைப் பற்றித் தெரியாது. கொஞ்சம் சொல்கிறேன். 1959ல் இங்கிலாந்தில் வந்தது டிரையம்ப் ஹெரால்டு. உருவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்கிற இத்தாலியர். 1961 முதல் அதை நம்ம சென்னைக்குப் பக்கத்தில், பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிக்காரர்கள் செய்து விற்றார்கள். அன்றைக்குச் சாதாரணக் குடும்பம் கார் வாங்க வேண்டுமென்றால் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றுதான். இப்போது புடவை எடுப்பதைப் போல நாற்பது கடை ஏறி இறங்க முடியாது!

அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962ல் ‘ஸ்பிட்ஃபயர்’ என்கிற இரண்டு பேர் போகும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். 1980 வரைக்கும் மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள். உலகம் முழுக்க இன்றைக்கும் அதை வீட்டுக் கொட்டகையில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிற பைத்தியங்கள் உண்டு. ஆக, ஸ்பிட்ஃபயர் தங்கை, ஹெரால்டு அக்காள். தங்கை கூரையை மடக்கிவிட்டுக் காற்று வாங்கப் போவாள். அக்காள் மாமனார், மாமியார், மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறுவாள்! (சிரிப்பு)

இந்த மலைக்கு அந்தக் கார் எவ்வளவு பொருத்தம் தெரியுமா? இருபத்தைந்தடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வருவதற்குள் பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஹெரால்டு சொன்ன இடத்தில் திரும்பும். எங்கள் வீட்டுக்காரர் எப்போதும் திரும்பியதில்லை, அது வேறு! (பலத்த சிரிப்பு)

அப்படிப்பட்ட கார் 1998ல் ஷெட்டுக்குள் போனது. மேலே தார்ப்பாய் விழுந்தது. ஏன் என்று அப்பா சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம்! குன்னூர் மழையும் மூடுபனியும் சும்மா இருக்குமா? 2012ல் அம்மா காலமானார்கள். அப்பா தனியாள். ‘கோயம்புத்தூருக்கு எங்களோடு வந்துவிடுங்கள்’ என்று கூப்பிட்டால், ஒரே பதில்: ‘கார் என்ன ஆகும்?’

எனக்குக் கோபம் வராதா? ‘பெத்த பெண்ணைவிட உங்களுக்கு அந்தத் தகரம் பெரிசா?’ என்று கேட்டுவிட்டேன். அப்பா பேசவில்லை. அன்றைக்கு நான் ‘சுமையே’ அணி, நடுவர் அவர்களே!

2020. ஊரடங்கு. நானும் என் மகளும் குன்னூர் வீட்டில் மாட்டிக்கொண்டோம். அவள் பொறியியல் கல்லூரியில் படிப்பவள். நாலு நாள் செல்போனைப் பார்த்தாள். அஞ்சாம் நாள் தார்ப்பாயை இழுத்துவிட்டாள். ‘தாத்தா, இதைத் திறக்கட்டுமா?’

அப்பாவுக்கு அப்போது எண்பத்து நாலு வயசு. எழுந்து வந்தார். இரண்டு பக்கமும் கொக்கியை விடுவித்தார். ஹெரால்டின் பானெட் மற்ற கார் மாதிரி கண்ணாடிப் பக்கம் கீல் வைத்ததல்ல. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து, முகம் முழுக்க முன்னால் கவிழ்ந்து திறக்கும். அப்புறம் முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். தாத்தா ஒரு சக்கரத்தில், பேத்தி ஒரு சக்கரத்தில். எட்டு வருஷமாக ‘ம்’, ‘சரி’ என்று மட்டும் பேசியவர் அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினார்!

வேலை லேசில்லைங்க. என்ஜின் இறுகிப் போயிருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக ஆயில் விட்டு, பத்து நாள் ஊற வைத்தார்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் அசைந்தது. எலி கடித்த ஒயர், கல்லாய்ப் போன பிரேக் ரப்பர், சல்லடையாய்ப் போன தரைத் தகடு. ஊரடங்கு தளர்ந்த பிறகு வெல்டிங் பட்டறைக்காரர் வந்தார். துருப்பிடித்த தகட்டையெல்லாம் வெட்டி எடுத்தார். நான் பதறிப்போய், ‘அப்பா, காரையே வெட்டுறாங்களே!’ என்றேன்.

அப்பா சொன்னார்: ‘துருவைத்தானம்மா வெட்டுறாங்க. அதுக்கு மேலே பெயிண்ட் அடிச்சா உள்ளேயே தின்னுடும். நல்ல இரும்பு தெரியிற வரைக்கும் வெட்டணும்.’

நடுவர் அவர்களே, இந்த ஒரு வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

ஒருநாள் மகள் கிரீஸ் கன்னை எடுத்து முன் சக்கரத்துப் பக்கம் போனாள். ‘கிரீஸ் வேண்டாம்!’ – அப்பா கத்திவிட்டார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கை நடுங்குகிறது.

விஷயம் என்னவென்றால், அந்தக் காரில் முன் சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்துத் தண்டு ஒரு பித்தளைத் துண்டுக்குள் மரை போல இறங்கி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப அது மரைக்குள் சுழல வேண்டும். அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரை இடுக்குக்குள் சரியாய்ப் போகாது. உள்ளே காயும், துருவேறும், இறுகும். ஒருநாள் தண்டு முறியும், சக்கரம் மடங்கும்.

1998ல் ஏதோ ஒரு பட்டறையில் கிரீஸ் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டியரிங் கனமாக இருந்ததை அப்பா கவனித்திருக்கிறார். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று கிளம்பிவிட்டார். பக்கத்து சீட்டில் அம்மா. ஒரு வளைவில் சக்கரம் மடங்கிவிட்டது. மெதுவாகப் போனதாலே மலைப்பக்கத்து ஓடையில் சாய்ந்து நின்றது. மறுபக்கம் பள்ளம். அம்மாவுக்குக் கீறல்கூட இல்லை. ‘பிள்ளைகளிடம் சொல்லாதீங்க’ என்றார்களாம். அவர் சொல்லவே இல்லை.

‘பட்டறைக்காரன் மேல தப்பில்லை. ஸ்டியரிங் கனமா இருக்குன்னு தெரிஞ்சும் ஓட்டினவன் நான்தான். சரி பண்ணி, உங்க அம்மாவை ஒரு தடவையாவது உட்கார வைச்சு ஓட்டணும்னு நினைச்சேன். தைரியம் வரல. அவ போயிட்டா’ என்றார்.

நான் தகரம் என்று சொன்னேனே, அதற்குள் இதைத்தான் மூடி வைத்திருந்தார். அதைக் காயலான் கடையில் எடை போட்டிருந்தால் கிலோவுக்கு எத்தனை ரூபாய் கொடுத்திருப்பார்கள், தம்பி? சொல்லுங்கள்! (அமைதி, பிறகு கைதட்டல்)

அந்தத் தண்டும் பித்தளையும் புதிதாகவே கிடைத்தன. ஸ்பிட்ஃபயர் தங்கைக்காக இங்கிலாந்தில் இன்றும் உதிரிபாகம் செய்கிறார்கள். அக்காளுக்கும் அது பொருந்தும். பார்சல் வர மாதக்கணக்கானது. பிரேக்கை முழுக்கப் புதிதாகப் போட்டார்கள். 2021 பொங்கலுக்கு என்ஜின் பிடித்தது. பொங்கல் பானையைவிட அது அதிகம் புகைந்தது! (சிரிப்பு)

எதிரணியினர் கேட்பார்கள்: புகைக்கிற வண்டி ஊருக்குக் கெடுதல் இல்லையா? நியாயமான கேள்வி. தினமும் ஓட்டு என்று நான் சொல்லவில்லை. அரசாங்கமும் சொல்லவில்லை. 2021ல் மத்திய அரசு விதி போட்டது: ஐம்பது வயசு தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டியைப் பாரம்பரிய வண்டியாகப் பதியலாம். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாம். அன்றாடம் ஓட்டக்கூடாது. தாத்தாவைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போகிற மாதிரிதான். மூட்டை தூக்கச் சொல்லக்கூடாது!

காரை விடுங்கள். உங்கள் ஊர் மலை ரயிலைப் பாருங்கள். 1908ல் உதகை வந்து சேர்ந்த ரயில். ‘கிழட்டு ரயில், நிறுத்திவிடு’ என்று விட்டிருந்தால், 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்திருக்குமா? வெளிநாட்டிலிருந்து வந்த பல்சக்கர என்ஜினைக் கழற்றி மாட்டியே நம்ம ஆட்கள் தொழிலைக் கற்றார்கள். 2010களில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புது நீராவி என்ஜின் கட்டி அனுப்பினார்கள். பழையதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைதான் புதியதைச் செய்யும், ஐயா!

இப்போது அப்பா சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். பழையதைக் காப்பது என்றால் துருவையும் சேர்த்துக் காப்பதல்ல. சின்ன வயசில் நான் அந்தக் காரை ஓட்டக் கேட்டேன். ‘பெண்பிள்ளைக்கு மலைப்பாதை எதுக்கு?’ என்றார் அப்பா. அது துரு. பிறகு கோயம்புத்தூரில் நானாகக் கற்றுக்கொண்டேன். ஆனாலும் அந்த ஒரு ‘எதுக்கு’ முப்பத்தைந்து வருஷமாக உள்ளே தின்றுகொண்டிருந்தது.

அந்தப் பொங்கலுக்கு அடுத்த மாதம், சோதனை ஓட்டம். அப்பா பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார், அம்மா உட்கார்ந்த இடத்தில். சாவியை என்னிடம் நீட்டினார். ‘நீ ஓட்டும்மா.’

வீட்டிலிருந்து சிம்ஸ் பூங்கா வரைக்கும் போய்த் திரும்பினோம். வழியெல்லாம் பாடம்தான். ‘ஏறின கியரிலேயே இறங்கு. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடு. ஸ்டியரிங் கனமா இருக்கா? இருந்தா சொல்லு.’ நாலு தடவை கேட்டார். ‘லேசா இருக்குப்பா’ என்று நாலு தடவை சொன்னேன். வீட்டுக்கு வந்து இறங்கியதும் அவர் சொன்னது: ‘சரி, கோயம்புத்தூருக்கு எப்ப போகலாம்?’ (நெடிய கைதட்டல்)

நடுவர் அவர்களே! எங்கள் அப்பாவை அவ்வளவு வருஷம் மலையில் கட்டிப்போட்டது கார் என்று நினைத்தேன். கட்டிப்போட்டது பழுது. கழற்றிப் பார்த்தோம், அவிழ்ந்தது. அம்மாவின் தையல் மிஷினாக இருக்கலாம், தாத்தாவின் வானொலிப் பெட்டியாக இருக்கலாம். இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் வீட்டுப் பரண்மேலும் ஒன்று இருக்கும். விற்பதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர் ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை திறந்து பாருங்கள். துருவை வெட்டுங்கள், தயவுதாட்சண்யம் வேண்டாம். நல்ல இரும்பு தெரிந்தால், விட்டுவிடாதீர்கள்.

ஆகவே பழைய பொருள்கள் சொத்தே, சொத்தே என்று தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன். தீர்ப்பு எதிராகப் போனால் எனக்குக் கவலை இல்லை. வாசலில் ஹெரால்டு நிற்கிறது, பழைய நடுவர்களையும் அதில் ஏற்றிக்கொள்வோம்! (சிரிப்பு, கைதட்டல்)