கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் படம் பார்க்கக் கற்றுக் கொடுப்போம்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ நம்ம வீட்டுச் சூட்டிகையான பிள்ளைகளைப் பத்திப் பேசலாம்.

படம் ஓடும்போதே, “அவன் ஏம்மா அடிக்கிறான்? அந்த அக்கா வேண்டாம்னு சொல்லியும் ஏன் பின்னாடியே போறான்?” என்று சில பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கும். “வாயை மூடிக்கிட்டுப் பாரு” என்று அடக்கிவிடுகிறோம். அது தொணதொணப்பு இல்லை, அறிவு. அதை வளர்க்கணும்.

எப்படி? எம். மணிகண்டன் இயக்கி 2015இல் வெளியான ‘காக்கா முட்டை’ படத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கான சிறந்த படம் என்று தேசிய விருது பெற்றது. சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர்கள் இரண்டு பேர், தண்டவாளத்து ஓரம் கரி பொறுக்கி விற்று, பீட்சா வாங்கக் காசு சேர்க்கிறார்கள். காசு சேர்ந்தும் கடைக்குள்ளே விடவில்லை.

படம் முடிந்ததும் பிள்ளையிடம் கேளுங்கள்:

1. பீட்சா ஆசை அவங்களுக்கு எங்கிருந்து வந்தது? (விளம்பரம் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். அடுத்த முறை கடையில் அடம் பிடிக்கும் முன் யோசிக்கும்.)

2. காசு இருந்தும் ஏன் உள்ளே விடலை?

3. இதே கதையை அவங்க அம்மா சொன்னா எப்படி இருக்கும்? (புருஷன் ஜெயிலில், பிள்ளைகளைக் காப்பாத்துறது அவள்.)

4. ஒரு காட்சியைச் சத்தம் இல்லாமல் பார். இப்பவும் அதே மாதிரி அழுகை வருதா? (இசை நம்மை எப்படி இழுக்குதுன்னு அப்போ புரியும்.)

பதிலை நாம் சொல்லக் கூடாது. “ஏன் அப்படி நினைக்கிற? எந்தக் காட்சியில பாத்த?” என்று மட்டும் கேட்கணும். இதுக்கு எழுத்துப் படிப்பு வேண்டாம். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அம்மாவும் கேட்கலாம்.

இது பொழுதுபோக்கு விஷயம் இல்லை, சகோதரிகளே. வேண்டாம் என்ற பெண்ணை விரட்டி விரட்டிக் கடைசியில் காதலிக்க வைக்கிற கதாநாயகனை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்! அதைக் கேள்வி கேட்காமல் பார்க்கிற பையன் அதையே வீரம் என்று நினைப்பான். பொண்ணு, பொறுத்துத்தான் போகணும் போல என்று நினைப்பாள். யாராவது பின்னால் வந்தால் நாம் அவள் படிப்பைத்தானே நிறுத்துகிறோம்? ஆனால் அப்படிப் பின்தொடர்வது 2013 முதலே சட்டப்படி குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவின்படி, முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. படம் பார்க்கும் போதே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பையனுக்கும் சேர்த்து.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு படம் பாருங்கள். பிள்ளை கேட்ட நல்ல கேள்வி ஒன்றைக் கொண்டு வாருங்கள். தீர்மான நோட்டில் எழுதி வைப்போம்.